நித்திரையா, தரிசனமா?

இந்த எபிசோடு முழுக்க ஒரே ஒரு மெயிலுக்கான பதில். ஆடியோவுல நீளமா ஓடினதை இங்க கொஞ்சம் வெட்டிச் சீர்பண்ணிக் கொடுத்திருக்கேன். "வந்து", "அதாவது" எல்லாம் போயிடுச்சு, மத்தபடி அதே பேச்சுதான்.

மெயில் அனுப்பினவர் நம்ம வயசுக்காரர். பெயர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்கார். அவங்க அம்மா ரெண்டு வருஷம் புற்றுநோயோட போராடி இந்த வருஷம் இறந்துட்டாங்க. தெருமுனையில ஒட்டின போஸ்டர்ல "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்"னு இருந்தது. வீட்டுக்கு வந்த பெரியப்பா தோளைப் பிடிச்சு, "அழாதப்பா, அம்மா இப்போ கர்த்தரோட முகத்தைப் பார்த்துட்டு இருக்காங்க"ன்னார். கல்லறைத் தோட்டத்துல போதகர், கடைசி நாள்ல எக்காளம் தொனிக்கும்போது அம்மா எழுந்திருப்பாங்கன்னு ஜெபம் பண்ணினார். மூணும் ஒரே நாள்ல நடந்தது. அவர் கேட்கிறது இதுதான்: அம்மா தூங்குறாங்களா, பார்க்கிறாங்களா, இல்ல இனிமேதான் எழுந்து பார்ப்பாங்களா? மெயிலோட கடைசி வரியில, இதை வீட்டுல யார்கிட்டயும் கேட்க முடியல, கேட்டா விசுவாசம் குறைஞ்சுபோச்சுன்னு நினைப்பாங்கன்னு எழுதியிருக்கார்.

நான் பாதிரியார் இல்ல, இறையியல் படிச்சவனும் இல்ல. பகல்ல பேக்கெண்ட் கோடு எழுதுறேன், ராத்திரி இந்த மாதிரி விஷயங்களைத் தோண்டுறேன். ஆனா இந்தக் கேள்வியைப் பொறுத்தவரை ஒண்ணு தைரியமா சொல்லலாம். கிட்டத்தட்ட 700 வருஷத்துக்கு முன்னாடி இதே கேள்வியில ஒரு போப்பே மாட்டிக்கிட்டார். ராஜா தலையிட்டார், ஒருத்தர் சிறைக்குப் போனார். அதனால இதைக் கேட்கிறது விசுவாசக் குறைவுன்னா, அந்த லிஸ்ட்ல பெரிய பெரிய ஆட்கள் இருக்காங்க. அவிஞ்ஞோன் கதைக்கு அப்புறம் வரேன். அதுக்கு முன்னாடி யோபு.

பழைய ஏற்பாட்டைப் படிச்சா ஒரு விஷயம் ஆச்சரியமா இருக்கும். செத்ததுக்கு அப்புறம் கடவுளைப் பார்ப்போம்ங்கிற பேச்சே அங்க ரொம்பக் குறைவு. செத்தவங்க போற இடம் ஷியோல். தமிழ்ல பாதாளம். அங்க நல்லவன் கெட்டவன் வித்தியாசம் பெருசா இல்ல, ஒரு மங்கலான அமைதி மட்டும்தான். அங்க யாரும் கடவுளைத் துதிக்கிறதில்லன்னு சங்கீதங்களே புலம்புது. அது மட்டும் இல்ல, கடவுளைப் பார்க்கிறதுன்னாலே பயம். யாத்திராகமத்துல மோசே உங்க மகிமையைக் காட்டுங்கன்னு கேட்கிறார். என் முகத்தைப் பார்த்துட்டு மனுஷன் உயிரோட இருக்க முடியாதுன்னு பதில் வருது. பாறை வெடிப்புல நிற்க வச்சு, கையால மூடி, கடந்து போனதுக்கு அப்புறம் பின்பக்கம் மட்டும் பார்க்க விடுறார். கடவுளைப் பார்க்கிறதை ஒரு பரிசாவோ ஆறுதலாவோ நினைக்கிற பழக்கம் அங்க இன்னும் வரல.

இந்தப் பின்னணியிலதான் யோபு பேசுறார். கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: ஏழு மகன், மூணு மகள், 7,000 ஆடு, 3,000 ஒட்டகம். எல்லாம் ஒரே நாள்ல போயிடுது. உடம்பு முழுக்க புண். சாம்பல்ல உட்கார்ந்து ஓட்டாஞ்சில்லால சொறிஞ்சுக்கிறார். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார்னு மூணு நண்பர்கள் வராங்க. ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாம அவரோட தரையில உட்கார்றாங்க. அந்தப் புத்தகம் முழுக்க அவங்க செஞ்ச ஒரே உருப்படியான காரியம் அந்த ஏழு நாள்தான்னு எனக்குத் தோணும். அப்புறம் வாயைத் திறந்தாங்க. நீ ஏதோ பாவம் பண்ணியிருக்கே, அதான் இப்படின்னு மாத்தி மாத்தி ஆரம்பிச்சுட்டாங்க.

19ஆம் அதிகாரத்துல யோபு பில்தாதுக்குப் பதில் சொல்றார். சொந்தக்காரங்க விலகிட்டாங்க, வேலைக்காரன் கூப்பிட்டா வரமாட்டேங்கிறான், என் மூச்சு என் மனைவிக்கே சகிக்கலன்னு புலம்பிட்டு, திடீர்னு ஒரு ஆசை சொல்றார். என் வார்த்தைகளை யாராவது எழுதி வைக்கணும், இரும்புக் கம்பியால பாறையில வெட்டி ஈயம் ஊத்தி வைக்கணும், எப்பவும் அழியக்கூடாது. அதுக்கு அடுத்த வரிதான் உலகம் பூரா கல்லறைகள்ல ஏறின வரி. என்னோட மீட்பர் உயிரோட இருக்கார், கடைசியில மண்ணு மேல வந்து நிற்பார், என் தோல் இப்படி அழிஞ்ச பிறகு நான் கடவுளைப் பார்ப்பேன், வேற ஒருத்தர் இல்ல, நானே, என் கண்ணாலேயே பார்ப்பேன்கிறார்.

மீட்பர்னு நாம சொல்ற இடத்துல எபிரேயத்துல கோயேல்னு ஒரு சொல். அது கோயில்ல சொல்ற பெரிய வார்த்தை இல்ல, குடும்பச் சொல். கஷ்டத்துல ஒருத்தன் நிலத்தை வித்துட்டா அதைத் திரும்ப வாங்கித் தர வேண்டிய நெருங்கின உறவுக்காரன்தான் கோயேல். கடனுக்கு அடிமையா போயிட்டா காசு கொடுத்து மீட்டுட்டு வரணும். கொலை நடந்தா நியாயம் கேட்டுப் போகணும். ரூத் கதையில போவாஸ் செய்றது அந்த வேலைதான். நம்ம ஊர்ல சொன்னா, பிரச்சினைன்னதும் பஞ்சாயத்துக்கு நமக்காக வந்து நிற்கிற பங்காளி மாதிரி. மனைவி, வேலைக்காரன், சொந்தபந்தம் எல்லாரும் கைவிட்டாச்சுன்னு பத்து வரி முன்னாடிதான் சொன்ன மனுஷன், எனக்கு இன்னும் ஒரு சொந்தக்காரன் இருக்கான்னு சொல்றார். யோபு அங்க சொர்க்கத்துல ஒரு சீட்டு கேட்கல. தன் பக்கம் நின்னு பேச ஒரு ஆள் வேணும்ங்கிறார், எதிர்ல உட்கார்ந்து கடவுளோட முகத்தைப் பார்த்தே தன் வழக்கைச் சொல்லணும்ங்கிறார். இந்த நம்பிக்கை ஆரம்பிக்கிறதே ஒரு புகார்லதான்.

இப்போ ஒரு வேடிக்கை. பாறையில வெட்டணும்னு கேட்டாரே, அதுக்கு ஒட்டி வர்ற வசனங்கள்தான் அந்தப் புத்தகத்துலேயே மூலம் ரொம்பச் சிதைஞ்ச இடங்கள்ல ஒண்ணு. அறிஞர்கள் இன்னிக்கும் அடிச்சுக்கிறாங்க. முக்கியமான சிக்கல் ஒரு குட்டி உருபு, "மின்". மாம்சத்தோட அது சேர்ந்து வருது. தமிழ்ல நம்ம "இலிருந்து" மாதிரி. "மாடியிலிருந்து பார்த்தேன்"னா நான் மாடியிலதான் இருக்கேன். "மாடியிலிருந்து இறங்கிட்டேன்"னா மாடியில இல்ல. அப்போ மாம்சத்திலிருந்து கடவுளைப் பார்ப்பேன்னா என்ன அர்த்தம்? உடம்போட இருந்துக்கிட்டே பார்ப்பேனா, உடம்பை விட்டுட்டுப் பார்ப்பேனா? பழைய தமிழ் வேதாகமம் அதே "இலிருந்து"வைப் போட்டு, எபிரேயத்துல இருக்கிற சந்தேகத்தை அப்படியே நமக்கும் கொடுத்திருக்கு. வேணும்னு செஞ்சாங்களோ என்னவோ, நேர்மையான மொழிபெயர்ப்பு. ஜெரோம் அப்படி விடல. அவரோட லத்தீன்ல, மண்ணு மேல மீட்பர் நிற்பார்ங்கிற வரி, கடைசி நாள்ல நான் மண்ணுல இருந்து எழுந்திருப்பேன்னு ஆயிடுச்சு. ஆளே மாறிட்டார்! ஆயிரம் வருஷத்துக்கு மேல மேற்கு ஐரோப்பா அந்த லத்தீனைத்தான் படிச்சது.

உயிர்த்தெழுதல் யோபு மனசுல இருந்துச்சான்னு கேட்டா, எனக்கு சந்தேகம்தான். அஞ்சு அதிகாரம் முன்னாடி அவரே, வெட்டின மரம் தண்ணி வாசனை பட்டாத் துளிர்க்கும், மனுஷன் படுத்தா எழுந்திருக்க மாட்டான்னு சொல்லியிருக்கார். கதையோட கடைசியில, 42ஆம் அதிகாரத்துல, சாகறதுக்கு முன்னாடியே கடவுளைப் பார்த்துடுறார். இதுவரைக்கும் காதால கேட்டிருந்தேன், இப்போ கண்ணால பார்த்தேன்கிறார். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கல. நட்சத்திரம், காட்டுக் கழுதை, தீக்கோழின்னு கடவுள் எதை எதையோ பேசுறார், முதல் அதிகாரத்துல சாத்தானோட நடந்த பேச்சைப் பத்தி மூச்சு விடல. ஆனா நண்பர்கள்கிட்ட, யோபு என்னைப் பத்திப் பேசின மாதிரி நீங்க சரியாப் பேசலன்னு சொல்றார். புலம்பினவன் பேசினது சரி, சமாதானம் சொன்னவங்க பேசினது தப்பு. மெயில் அனுப்பின நண்பர் இந்த இடத்தை மட்டும் ஒருதரம் படிக்கணும்.

ஒரு கணக்கும் பாருங்க. போனது எல்லாம் ரெண்டு மடங்கா திரும்ப வருது, ஆடு 14,000, ஒட்டகம் 6,000. பிள்ளைகள் மட்டும் மறுபடி ஏழு மகன், மூணு மகள். ஏன் இருபது பேர் இல்ல? முதல்ல செத்த பத்துப் பேரும் கடவுள்கிட்ட இன்னும் இருக்காங்க, அவங்களையும் சேர்த்தா ரெண்டு மடங்கு சரியா வருதுன்னு பழைய உரையாசிரியர்கள் சிலர் சொன்னாங்க. அழகான விளக்கம். கதாசிரியர் அப்படி நினைச்சாரான்னு கேட்டா எனக்குக் கொஞ்சம் அதிகமாப்படுது. ஆனா கிறிஸ்துவுக்கு முன்னாடியே ஆரம்பிச்ச கிரேக்க மொழிபெயர்ப்புல, புத்தகத்தோட முடிவுல ஒரு வரி கூடுதலா இருக்கு. கர்த்தர் எழுப்புறவங்களோட யோபுவும் மறுபடி எழுந்திருப்பார்னு. கதை அவரோட சாவுல முடியறதை யாராலோ ஒத்துக்க முடியல.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தா பயம் ஆசையா மாறிடுது. சுத்தமான இருதயம் உள்ளவங்க கடவுளைப் பார்ப்பாங்கன்னு மலைப்பிரசங்கத்துல இயேசு சொல்றார். இப்போ கண்ணாடியில மங்கலாப் பார்க்கிறோம், அப்போ முகமுகமாப் பார்ப்போம்ங்கிறார் பவுல். அந்தக் கடிதம் போன கொரிந்து ஊர் வெண்கல வேலைக்குப் பேர் போனது. அந்தக் காலத்துக் கண்ணாடி மெருகேத்தின உலோகத் தகடு, அதுல தெரியற முகம் எவ்வளவு தெளிவா இருக்கும்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

எப்போங்கிற கேள்விக்கு மட்டும் ரெண்டு பதில் கிடைக்குது. சிலுவையில பக்கத்துல தொங்கின குற்றவாளிகிட்ட இயேசு, இன்னிக்கே நீ என்னோட பரதீசுல இருப்பேங்கிறார். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது பவுல், செத்தவங்களை நித்திரை பண்றவங்கன்னு சொல்லி, எக்காளம் ஊதும்போது எழுந்திருப்பாங்கங்கிறார். பெரியப்பா முதல் வரியில நிற்கிறார், போஸ்டரும் போதகரும் ரெண்டாவது வரியில. யாரும் சொந்தமாக் கதை விடல.

இப்போ அவிஞ்ஞோன். 1309ல இருந்து போப்புகள் ரோம்ல இல்ல, தெற்கு பிரான்ஸ்ல அவிஞ்ஞோன் நகரத்துல இருந்தாங்க. 1331 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். 22ஆம் யோவான், எண்பது வயசு தாண்டின போப், பிரசங்கத்துல ஒரு குண்டு போட்டார். செத்துப்போன புனிதர்கள் இன்னும் கடவுளை முகமுகமாப் பார்க்கல. வெளிப்படுத்தின விசேஷத்துல பலிபீடத்துக்குக் கீழ காத்திருக்கிற ஆத்துமாக்கள் வருதே, அந்த மாதிரி, கிறிஸ்துவோட மனுஷத்தன்மையோட நிழல்ல இளைப்பாறுறாங்க. முழு தரிசனம் உடம்பு எழுந்து, தீர்ப்பு முடிஞ்ச பிறகுதான். அதுக்கு அடுத்த பிரசங்கங்கள்லயும் இதையே சொன்னார்.

ஏன் ஐரோப்பாவே கொந்தளிச்சது? நம்ம தொழில்ல ஒரு ஃபங்ஷன் திருப்பித் தர்றதை மட்டும் மாத்திட்டு, "சின்ன மாற்றம்தான்"னு புஷ் பண்ணுவாங்க பாருங்க, அப்புறம் அதை நம்பியிருக்கிற நாற்பது இடம் ஒவ்வொண்ணா விழும். அதே கதைதான். புனிதர்கள் கடவுளைப் பார்க்கலன்னா, அவங்ககிட்ட நமக்காகப் பரிந்து பேசுங்கன்னு வேண்டுறது என்ன ஆகும்? புனிதர் பட்டம் கொடுக்கிறது? உத்தரிக்கிற ஸ்தலத்துல இருந்து ஆத்துமா சீக்கிரம் போகணும்னு வைக்கிற பூசை? சீக்கிரம் போய் எங்க சேரும்? இதையெல்லாம் விட, செத்த பிள்ளையோட பெயரைச் சொல்லித் தினமும் ஜெபிக்கிற தாய்க்கு என்ன சொல்றது?

தாமஸ் வேலிஸ்னு ஒரு இங்கிலாந்து டொமினிக்கன் துறவி, 1333ல அவிஞ்ஞோனுக்கே போய் எதிர்த்துப் பிரசங்கம் பண்ணினார். சிறையில போட்டாங்க. அதே வருஷம் டிசம்பர்ல பிரெஞ்சு ராஜா 6ஆம் ஃபிலிப் பாரிஸ் இறையியலாளர்களைக் கூட்டினார். போப்புக்கு எதிராத்தான் அவங்க முடிவு வந்தது. போப் இது என் சொந்தக் கருத்து, சபையோட போதனையா அறிவிக்கலன்னு விளக்கம் கொடுத்தார். 1334 டிசம்பர் 3, சாகக் கிடக்கும்போது கர்தினால்கள் முன்னாடி தன் கருத்தைத் திரும்ப வாங்கினார். மறுநாள் இறந்துட்டார். விடை தெரியற இடத்துக்கே போயிட்டார்னு சொல்லத் தோணுது.

அடுத்து வந்தவர் 12ஆம் பெனடிக்ட். போப் ஆகறதுக்கு முன்னாடி ஜாக் ஃபூர்னியே, மலைக் கிராமங்கள்ல விசாரணை அதிகாரியா இருந்து ஒவ்வொருத்தர் வாக்குமூலத்தையும் துல்லியமா எழுதி வச்ச ஆள். அவர் 1336 ஜனவரி 29ல வெளியிட்ட ஆவணம் கத்தோலிக்கத்துல இதை முடிச்சு வச்சது. சுத்திகரிக்கப்பட்ட ஆத்துமாக்கள், உடம்பு திரும்பக் கிடைக்கிறதுக்கு முன்னாடியே, இப்பவே, கடவுளோட சாரத்தை நேரடியா முகமுகமாப் பார்க்குது. நடுவுல எந்தப் படைப்பும் இல்ல. 1646ல பிரிட்டன்ல புராட்டஸ்டண்டுகள் எழுதின வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை, உத்தரிக்கிற ஸ்தலத்தைத் தூக்கி எறிஞ்சாலும் இந்த இடத்துல கிட்டத்தட்ட அதையே சொல்லுது. நீதிமான்களோட ஆத்துமா உடனே கடவுள் முகத்தைப் பார்க்குது, உடம்போட முழு மீட்புக்காகக் காத்திருக்கு. கிழக்குத் திருச்சபை வேற பாதை. கடவுளோட சாரத்தை எந்தப் படைப்பும் எப்பவும் பார்க்க முடியாது, அவரோட ஒளியிலதான் பங்கு பெற முடியும்ங்கிறாங்க. அது தனி எபிசோடு.

எனக்கு 22ஆம் யோவான் மேல ஒரு பரிவு உண்டு. வாதத்துல தோத்தவர்னு மட்டும் அவரை விட்டுடக்கூடாது. அவர் பயந்தது நியாயமான விஷயத்துக்கு. ஆத்துமா இப்பவே எல்லாத்தையும் முழுசா அடைஞ்சிடுச்சுன்னா, உடம்பு எதுக்கு எழுந்திருக்கணும்? உயிர்த்தெழுதல்ங்கிறது ஏற்கெனவே முடிஞ்ச படத்துக்கு ஒட்டின கூடுதல் சீன் ஆயிடாதா? நோய் வந்தது அந்த அம்மாவோட உடம்புக்கு. ஊசி குத்தினது, முடி கொட்டினது, மகன் கையைப் பிடிச்சது எல்லாம் உடம்பு. அது மண்ணோட போயிடுச்சு, ஆத்துமா மட்டும் தப்பிச்சுதுன்னா, கஷ்டப்பட்டதுக்குப் பதிலே இல்ல. உயிர்த்தெழுந்த இயேசு உடம்புல ஆணித் தழும்பு அப்படியே இருந்ததுன்னு யோவான் சுவிசேஷம் சொல்லுது. அதை வச்சு அகஸ்டின், "கடவுளின் நகரம்" புத்தகத்தோட கடைசிப் பாகத்துல, வேதசாட்சிகளோட உடம்புலயும் காயத்தோட அடையாளம் தெரியலாம், ஆனா அது குறையா இருக்காது, பெருமையா இருக்கும்னு யோசிக்கிறார். பட்ட பாட்டை அழிச்சுட்டுக் கொடுக்கிற சந்தோஷத்தைப் பத்தி அவர் பேசல.

ஆக, கிறிஸ்தவத்தோட பெரும்பான்மைப் பதில் ரெண்டு கட்டம். நண்பரே, பெரியப்பா சொன்னது முதல் கட்டம். போதகர் சொன்னது ரெண்டாவது. போஸ்டர்ல இருந்த "நித்திரை" கல்லறையில இருக்கிற உடம்பைப் பத்தினது. எழுப்பப் போறாங்கன்னு நம்புறவங்கதான் சாவைத் தூக்கம்னு சொல்ல முடியும். ஆத்துமாவே நினைவில்லாம தூங்குதுன்னு சொல்ற கிறிஸ்தவர்களும் உண்டு, லூத்தரே பல இடத்துல அப்படித்தான் பேசியிருக்கார். கால்வின் அதை எதிர்த்து வாலிப வயசுல ஒரு புத்தகமே எழுதினார். அவங்க கணக்குப்படியும், தூங்கி எழுந்திருக்கிறவங்களுக்கு நடுவுல நேரம் போனதே தெரியாது. கண்ணை மூடினதும் திறந்ததும்தான். உங்க அம்மாவோட பக்கத்துல இருந்து பார்த்தா ரெண்டுக்கும் வித்தியாசம் ரொம்பச் சின்னது. உங்க பக்கம்தான் நீளமா இருக்கு.

இதெல்லாம் பொய் ஆறுதல் இல்லையான்னு லைவ்ல ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆறுதலாகவே இல்லாம இதை நம்பின ஒரு பொண்ணைச் சொல்றேன். பிரான்ஸ்ல லிசியே ஊர் கார்மேல் மடத்து தெரேசா, நம்ம ஊர்க் கோயில்கள்ல ரோஜாப் பூவோட நிற்கிற குழந்தை தெரேசாதான். 1896 பெரிய வியாழன் ராத்திரி முதல் தடவை ரத்தம் கக்கினார், காசநோய். அந்த ஈஸ்டர்ல இருந்து அவருக்குள்ள சொர்க்கத்தைப் பத்தின நம்பிக்கையே இருட்டாயிடுச்சு. நீ எதிர்பார்க்கிறது ஒளி இல்ல, ஒண்ணுமே இல்லாத ராத்திரின்னு உள்ளுக்குள்ள கேலி பண்ற மாதிரி ஒரு குரல். அடுத்த வருஷம் மடத்துத் தலைவிக்கு இதை எழுத ஆரம்பிச்சு, இதுக்கு மேல எழுதினா தெய்வ நிந்தனை ஆயிடுமோன்னு நிறுத்திட்டார். கூட இருந்த சகோதரிகள் அவரோட சந்தோஷமான கவிதைகளைப் படிச்சுட்டு, இவளுக்கு என்ன, சொர்க்கம் திறந்து கிடக்குன்னு நினைச்சாங்க. அவரோ நான் உணர்றதைப் பாடல, நம்ப விரும்புறதைப் பாடுறேன்னு எழுதி வச்சிருக்கார். விசுவாசப் பிரமாணத்தைத் தன் ரத்தத்துலயே எழுதி நெஞ்சோட வச்சுக்கிட்டார். 1897 செப்டம்பர் 30ல இறக்கும்போது வயசு 24. அந்த இருட்டு கடைசி வரைக்கும் விலகல.

ரெண்டு விஷயம், கேட்டவங்களுக்காக. ஹேண்டலோட "மெசாயா"வுல மூணாம் பாகம் ஆரம்பிக்கிறது இந்த யோபு வரியிலதான், ஒரே ஒரு சோப்ரானோ குரல். 1742ல டப்ளின்ல முதல் தடவை பாடினாங்க. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துல ஹேண்டல் சிலை கையில இருக்கிற இசைத் தாளும் அதுதான். யோபு கேட்ட கல்வெட்டு ஒரு வழியா அங்க கிடைச்சிருக்கு. ரெண்டாவது, யோபு 19ஐப் பழைய தமிழ் வேதாகமத்துலயும் திருவிவிலியத்துலயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க, 26ஆம் வசனத்துல அந்த "மின்" என்ன ஆகியிருக்குன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடு ரெண்டு வாரத்துல.